மிளகுத் துறையும் அறிவுத் துறையும்

பொருள் தேடிப் பிறநாடு செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. பொருள்வயிற் பிரிதல் என்று அதற்கு இலக்கணமே வகுத்தவர் நம் முன்னோர். அவ்வாறு பிரிந்து வந்தோரின் வழியினராகிய நாம் இன்று கொச்சி மாநகரின் மட்டாஞ்சேரியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழ்ந்து வருகின்றோம். நம் பாட்டன்மாரை இவ்வூர்க்கு ஈர்த்தவை மிளகும், சுக்கும், ஏலமும், அவற்றை ஏற்றி அனுப்பிய துறைமுகமும் ஆகும். நம் பிள்ளைகளை ஈர்ப்பனவோ கல்லூரிகளும், ஆய்வுக்கூடங்களும், காக்கநாட்டில் எழுந்துள்ள கணிப்பொறி நிறுவனங்களும் ஆகும். பண்டங்களால் வாழ்ந்த ஊர், படிப்பினால் வாழும் ஊராக நம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கின்றது.

இம்மாற்றத்திற்கு 'அறிவுப் பொருளாதாரம்' என்று பெயர் சூட்டியுள்ளனர் அறிஞர். நிலமும் முதலும் உழைப்பும் மட்டுமே செல்வத்தைப் பெருக்கிய நிலை மாறி, அறிவே முதன்மையான மூலதனமாகும் நிலையை இச்சொல் குறிக்கின்றது. 2021ஆம் ஆண்டில் கேரள அரசு 'கேரள அறிவுப் பொருளாதார இயக்கம்' என ஓர் இயக்கத்தையே தொடங்கியது. 2024 சூலைத் திங்களில் இம்மாநிலத்துக் கல்லூரிகளில் நான்காண்டுப் பட்டப் படிப்பு நடைமுறைக்கு வந்தது. இவற்றைச் செய்தித்தாளில் படிக்கும் நம் குடும்பத்தார் பலர், 'இஃது ஏதோ புதிய உலகம்' என எண்ணி மலைக்கின்றனர்.

மலைக்க வேண்டுவதில்லை. மட்டாஞ்சேரிக்கு அறிவு வணிகம் புதியதன்று. இவ்வூரின் நானூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பின், இங்கு அறிவு எக்காலத்தும் செல்வமாகவே இருந்து வந்துள்ளது என்பது புலனாகும். ஆயின் அவ்வரலாற்றில் ஒரு குறையும் தொடர்ந்து வருகின்றது. அறிந்தவர் ஒருவராகவும், அவ்வறிவின் பயனைத் துய்த்தவர் மற்றொருவராகவும் இருந்துள்ளனர். இவ்விடைவெளியை உயர்கல்வி எந்த அளவுக்குக் குறைத்தது? இனியும் குறைக்க வேண்டுமாயின் அது எவ்வாறு அமைதல் வேண்டும்? இவ்வினாக்களை முன்வைத்தே வரலாற்றைக் காண்போம்.

அறிந்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர்

கொச்சிக்கும் தமிழ் எழுத்துக்கும் உள்ள தொடர்பு பலரும் அறியாதது. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டே, 1579இல், 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூல் கொச்சியில் அச்சிடப்பெற்றது. முத்துக்குளித்துறையில் தொண்டாற்றிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் இவ்விரு நூல்களையும் உருவாக்கினார். இந்திய மொழிகளுள் இந்திய மண்ணில் தன் சொந்த எழுத்தில் முதலில் அச்சேறியது தமிழே. அப்பெருமையில் இக்கொச்சி நகருக்கும் பங்குண்டு.

இதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, கொச்சியில் மற்றொரு பெருநூல் உருவாயிற்று. 1663இல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் வணிகக் குழுமத்தின் மலபார்ப் பகுதித் தலைவராக 1670இல் ஹென்றிக் வான் ரீடேயை அமர்த்தினர். இவர் மிளகை மட்டும் எண்ணி எடைபோட்டுப் பொழுது கழித்தவரல்லர். இந்நாட்டு மரஞ்செடிகொடிகளின் மருத்துவப் பயனை அறிய விழைந்தார். அதன் பயனாக எழுந்ததே 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', அஃதாவது 'மலபார்ப் பூங்கா' என்னும் இலத்தீன் நூல். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. 700க்கும் மேற்பட்ட செடிவகைகளை அந்நூல் படங்களுடன் விளக்குகின்றது.

இவ்வறிவை வழங்கியவர் யாவர்? சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் ஒருவர். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவர். இட்டி அச்சுதன் தம் குடும்பத்தில் வழிவழியாகப் போற்றிவந்த ஏட்டின் துணைகொண்டு செடிகளின் பெயரையும் குணத்தையும் கூறினார். அவர் கூறியதைக் கொச்சியைச் சேர்ந்த இம்மானுவேல் கார்னெய்ரோ என்னும் மொழிபெயர்ப்பாளர் போர்த்துகீசிய மொழியில் ஆக்கினார். அங்கிருந்து அஃது இலத்தீனுக்குச் சென்றது. இட்டி அச்சுதன் 1675 ஏப்ரல் 20ஆம் நாளிட்டு எழுதிய சான்றுரை, நூலின் முதல் தொகுதியில் அவர்தம் எழுத்திலேயே அச்சிடப்பட்டுள்ளது.

வான் ரீடேயைக் குறை கூறுதல் நேர்மையாகாது. அவர் தமக்கு அறிவு வழங்கியோரை மறைக்கவில்லை. பெயர் சொல்லிப் பெருமைப்படுத்தினார். எனினும் விளைவு யாதாயிற்று என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் உலகச் செடிகளுக்கெல்லாம் முறைப்படி பெயரிட்டு நூல் வெளியிட்டபோது, மலபார்ச் செடிகளுக்கு அவர் துணைக்கொண்டது இந்நூலையே. செடி இங்கு முளைத்தது. அதன் குணத்தை அறிந்தவரும் இங்கே வாழ்ந்தார். ஆனால் அதனைப் பற்றி மேலும் ஆராயும் கலை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. இட்டி அச்சுதனின் மூல ஏடோ இன்று நமக்குக் கிட்டவில்லை. அவர் வழியினர் அந்நூலைக் கையிலேந்தினும் அதன் மொழியைப் படித்தறிய இயலாத நிலை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அந்நிலையை மாற்றியது ஒரு பல்கலைக்கழக ஆசிரியரின் உழைப்பு. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்துச் செடியியல் பேராசிரியர் கே. எஸ். மணிலால், இலத்தீன் கற்று, நூலிற் கண்ட செடிகளைக் காடுமேடெல்லாம் தேடிக் கண்டு, பல்லாண்டு உழைத்து அந்நூலை ஆங்கிலத்தில் ஆக்கினார். கேரளப் பல்கலைக்கழகம் அதனை 2003இல் வெளியிட்டது. 2008இல் மலையாளப் பதிப்பும் வந்தது. இம்மண்ணை விட்டுச் சென்ற அறிவு இம்மண்ணின் மொழிக்கு மீண்டது. பல்கலைக்கழகம் எதற்கு என வினவுவோர்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

அக்கரையில் எழுந்த கல்லூரி

மணிலால் போன்றோரை உருவாக்கிய கல்லூரிக் கல்வி கொச்சி நாட்டில் எவ்வாறு வேரூன்றியது? 1845இல் எறணாகுளத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கப்பெற்றது. அது 1875இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக உயர்ந்தது. பொன்விழாக் கண்ட 1925இல் மகாராஜாஸ் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. அதே 1925இல் மகளிர்க்கென்று புனித தெரசாள் கல்லூரியும் எறணாகுளத்தில் தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகம் வகுத்த பாடத்தையே இங்குள்ளோர் பயின்றனர். அதன் தேர்வையே எழுதினர். ஆகவே அக்காலத்தில் கொச்சியின் உயர்கல்விக்கும் தமிழகத்திற்கும் பிரிக்கவியலாத பிணைப்பிருந்தது.

அக்கல்வியின் நோக்கம் யாது? அரசு அலுவலர்களையும், வழக்குரைஞர்களையும், ஆசிரியர்களையும் உருவாக்குதலே பெரிதும் அதன் நோக்கமாக இருந்தது. துறைமுகத்திற்கு வேண்டிய பொறியறிவு வெளிநாட்டிலிருந்தே வந்தது. 1920இல் வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர், கொச்சி அழிமுகத்தின் மணல்திட்டைத் தோண்டி ஆழப்படுத்தினார். தோண்டிய மண்ணைக் கொண்டே வெலிங்டன் தீவை உருவாக்கினார். 1928 மே 26ஆம் நாள் 'பத்மா' என்னும் கப்பல் புதிய வழியே உட்துறை புகுந்தது. கோவையைச் சேர்ந்த தமிழரும், பிற்காலத்தில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவருமாகிய இரா. க. சண்முகம் செட்டியார், 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக இருந்து துறைமுக வளர்ச்சிக்குத் துணை நின்றார்.

மட்டாஞ்சேரி மக்களுக்கோ கல்லூரி என்பது நீருக்கு அக்கரையில் இருந்த ஒன்று. கடையிலும் பண்டகசாலையிலும் உழைத்தோரின் பிள்ளைகள் தோணியேறிச் சென்று பயில்வது எளிதாக இல்லை. இக்கரையில் கொச்சின் கல்லூரி தோன்றியது 1967ஆம் ஆண்டில்தான். மகாராஜாஸ் கல்லூரி தோன்றியதற்கும் இதற்கும் இடையே 92 ஆண்டுகள் கழிந்துள்ளன. இடையில் ஓடும் காயலின் அகலம் சிறிது. ஆயினும் அதனைக் கடக்கக் கல்லூரிக்கு மூன்று தலைமுறைக் காலம் ஆயிற்று.

வாயிலில் நின்றோர்

தோணிக் கூலி மட்டுமே தடையாயிருந்திருப்பின் வருந்த வேண்டுவதில்லை. சாதியென்னும் பெருந்தடை கல்லூரி வாயிலில் காவல் நின்றது. இட்டி அச்சுதன் பிறந்த ஈழவர் குலத்தில் தோன்றிய பல்பு என்பார், மருத்துவம் பயில விரும்பித் திருவிதாங்கூரில் இடம் பெறாமல் சென்னைக்குச் சென்று மருத்துவக் கல்லூரியில் பயின்று தேறினார். தேறித் திரும்பியும் தம் நாட்டில் அவருக்கு அரசுப் பணி கிட்டவில்லை; மைசூர் அரசே அவரை ஏற்றது. 17ஆம் நூற்றாண்டில் உலகுக்கே மருத்துவ அறிவு வழங்கியது ஒரு குலம். 19ஆம் நூற்றாண்டில் அக்குலத்து மாணவருக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டது. பல்பு மருத்துவர் 1896இல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துடன் திருவிதாங்கூர் மன்னருக்கு முறையீடு அளித்தார். கல்வியும் அரசுப் பணியும் எல்லார்க்கும் உரியவை என்பதே அம்முறையீட்டின் சாரம்.

கொச்சி நாட்டிலும் இத்தகைய போராட்டம் நிகழ்ந்தது. புலையர் முதலிய மக்கள் நகர நிலத்தில் கூட்டம் கூட இயலாத நிலையில், பண்டிதர் கே. பி. கருப்பன் போன்றோரின் ஊக்கத்தால், காயலில் தோணிகளைப் பிணைத்து அவற்றின் மேல் மக்கள் கூடினர். 'காயல் மாநாடு' என இன்றும் அது போற்றப்படுகின்றது. அக்காயலில் உள்ள முளவுகாடு தீவில் 1912இல் பிறந்த தாட்சாயணி, எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவிலேயே பட்டம் பெற்ற முதல் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணி இவர் எனப் போற்றப்படுகின்றார். வேதியியல் செய்முறைகளை அவர் எட்ட நின்றே பார்த்துக் கற்க நேர்ந்தது என்று அவர்தம் குடும்பத்தார் எழுதியுள்ளனர். எட்ட நிறுத்தப்பட்ட அப்பெண்மணியே பின்னர் தாட்சாயணி வேலாயுதன் என்னும் பெயரில் இந்திய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினராக அமர்ந்து நாட்டின் அரசமைப்பை உருவாக்குவதில் பங்கு கொண்டார்.

உயர்கல்விச் சீர்திருத்தம் என்றதும் பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் மட்டுமே நாம் எண்ணுகின்றோம். யார் உள்ளே நுழைகின்றார், உள்ளே நுழைந்தவர் எங்கே நிறுத்தப்படுகின்றார் என்பதே முதற் சீர்திருத்தம் என்பதை இவ்வரலாறு நமக்கு அறிவுறுத்துகின்றது.

சாப்பா

கல்லூரிக்குள் நுழைய இயலாதோர்க்குத் துறைமுகமே வாழ்வளித்தது. அவ்வாழ்வு எத்தகையது? நாள்தோறும் காலையில் வேலை நாடி வந்தோர் கூட்டத்தின் நடுவே, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உலோகத்தாலான அடையாள வில்லைகளை வீசியெறிவர். அவ்வில்லைக்குச் 'சாப்பா' என்று பெயர். நெருக்கித் தள்ளி, விழுந்து எழுந்து, சாப்பாவைக் கைப்பற்றியவர்க்கே அன்றைய வேலை. வலிமை குன்றியவர் வெறுங்கையுடன் வீடு திரும்புவர். இவ்விழிவை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். 1953 செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் அப்போராட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அப்போராட்டத்தில் தொழிலாளர் மூவர் உயிர் நீத்தனர். அம்முறை பின்னர் ஒழிந்தது.

இந்நிகழ்ச்சியைக் கல்விக் கட்டுரையில் கூறுவது ஏன் எனச் சிலர் வினவலாம். காரணம் உண்டு. சாப்பா முறையில் தொழிலாளியின் திறமைக்கு மதிப்பில்லை. மூட்டையைச் சரியாமல் அடுக்கும் நுட்பமும், கப்பலின் அடித்தளத்தில் சமன் குலையாமல் சரக்கேற்றும் அறிவும் அவனிடம் இருந்தன. அவ்வறிவை எவரும் எழுதி வைக்கவில்லை. எவரும் அதற்குச் சான்றிதழ் தரவில்லை. ஆதலின் அவனை எந்நாளும் வேறொருவனைக் கொண்டு மாற்ற முடிந்தது. எழுதப்படாத அறிவுக்கு உரிமை கோர இயலாது என்பதே அதன் பொருள்.

நம் தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதனின் வேறன்று. கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள வண்ணார் துறையை அறியாதார் யார்? ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பெற்றோரின் வழியினர் அங்கு இன்றும் தொழில் புரிகின்றனர். 1970களில் கொச்சிப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அவர்களுக்குத் துவைகூடம் கட்டித் தந்தது. கவ்விகள் ஏதுமின்றி, முறுக்கிய கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகிக் காற்றில் உலர்த்தும் கலையும், கஞ்சியும் நீலமும் இடும் அளவறிவும் அவர்களுடையன. அவர்தம் பிள்ளைகள் பலர் படித்து வேறு பணிகளுக்குச் செல்கின்றனர். அது மகிழத்தக்கதே. ஆயின் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த தொழிலறிவும், அதனோடு இயைந்த தமிழ்ச் சொற்களும் எந்நூலிலும் ஏறாமலே மறைவது மகிழத்தக்கதன்று.

மிளகு ஆய்வுக்கூடம் புகுந்தது

இனி நம் ஊரின் உயிர்ப்பொருளாகிய மிளகுக்கு வருவோம். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட செய்தியை அகநானூறு கூறுகின்றது. அன்று முதல் அண்மைக்காலம் வரை மிளகு வணிகம் கையறிவால் நடந்தது. தேர்ந்த தரகர் ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் ஏந்தி, உருட்டி, முகர்ந்து, ஒரு மணியைப் பல்லிடைக் கடித்து, ஈரமும் கனமும் காரமும் இன்னவென்று கூறிவிடுவார். 1957இல் தோன்றிய இந்திய மிளகு நறுமணப்பொருள் வணிகச் சங்கத்தின் கூடம் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இருந்தது. அங்கு வணிகர் உரத்த குரலெழுப்பி வருங்கால விலையைப் பேசி முடிப்பர். உலக மிளகு விலைக்கு அக்குரல் ஓர் அளவுகோலாக விளங்கியது.

இன்று அவ்வறிவு மூன்று திசைகளில் இடம்பெயர்ந்துள்ளது. முதலாவது, கொடியின் அறிவு. மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்த காலத்தில், கண்ணூர்ப் பகுதியின் பன்னியூரில் மிளகு ஆய்வு நிலையம் நிறுவப்பெற்றது. உழவர் போற்றி வளர்த்த உதிரங்கோட்டை, செறியகாணியக்காடன் என்னும் இரு வகைகளை இணைத்து அங்கு உருவாக்கிய 'பன்னியூர் 1' என்னும் ஒட்டுவகை 1971இல் வெளியாயிற்று. மிளகில் உலகின் முதல் ஒட்டுவகை இதுவே. அறிவியலார் இணைத்தனர் எனினும், இணைப்பதற்குரிய வகைகளைக் காத்தவர் பெயரறியா உழவரே என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, மணத்தின் அறிவு. மிளகை மூட்டையாக அனுப்பிய நாடு, அதன் சாற்றைப் பிரித்துச் சிறு கலங்களில் அடைத்து அனுப்பக் கற்றது. 1972இல் கோலஞ்சேரிக்கு அருகே தொடங்கிய சிந்தைட் நிறுவனம் இத்துறையில் உலகப் புகழ் எய்தியது. உணவுத் தொழிற்சாலைகள் விரும்புவது குறிப்பிட்ட அளவு காரமும் மணமும் உடைய சாறு. அதனை அளந்து தருபவர் வேதியியல் பயின்றவர். பல்லிடைக் கடித்துக் கூறிய காரத்தைக் கருவி எண்ணாகக் கூறுகின்றது.

மூன்றாவது, விலையின் அறிவு. 2000க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் குரல் வணிகம் ஓய்ந்து, கணிப்பொறித் திரையில் விலை ஓடத் தொடங்கியது. அதே காலத்தில் வியட்நாம் மிளகு ஏற்றுமதியில் உலகில் முதலிடம் பெற்றது. 2011இல் வல்லார்பாடத்தில் பெட்டகக் கப்பல் முனையம் தொடங்கியபின் சரக்குப் போக்கும் இடம் மாறியது. மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகள் பல பழம்பொருட் கடைகளாயின. 2012இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் கலைவிழாவின்போது, மிளகு மணத்த கூடங்களில் ஓவியங்களும் சிற்பங்களும் இடம்பெறுகின்றன.

இம்மூன்று மாற்றங்களுக்கும் அடிப்படை உயர்கல்வியும் ஆய்வுமே. இதனை உணர்ந்தே 1971இல் கொச்சிப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 1957இல் அமைந்த கேரள அமைச்சரவையில் கல்வி அமைச்சராக விளங்கிய சோசப் முண்டசேரி அதன் முதல் துணைவேந்தரானார். பயன்முறை அறிவியல், தொழில், வணிகம், மேலாண்மை ஆகியவற்றில் உயர்நிலைக் கல்வியும் ஆய்வும் வளர்த்தல் அதன் நோக்கம். கடலியல், கப்பல் தொழில்நுட்பம், இரப்பர்த் தொழில்நுட்பம் என இம்மண்ணின் தேவைக்கேற்ற துறைகள் அங்கு வளர்ந்தன. 1972இல் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் நிறுவனமாகப் பதிவு பெற்றது. 1981இல் அங்குக் கட்டிய முதற் கப்பலாகிய 'இராணி பத்மினி' முழுமையுற்றது. 1986இல் பல்கலைக்கழகம் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகச் சீரமைக்கப்பட்டது. பிரிஸ்டோ காலத்தில் வெளியிலிருந்து வந்த கடலறிவு, இவ்வூரிலேயே விளையத் தொடங்கியது. உயர்கல்விச் சீர்திருத்தம் ஓர் ஊரின் வாழ்வை எவ்வாறு மாற்றும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பட்டம் புதிய சாப்பா ஆகலாமோ?

எனினும் கதை இங்கு இனிதே முடிந்திடவில்லை. தமிழகத்தில் 1984 முதல் தனியார் பொறியியற் கல்லூரிகள் தோன்றிப் பெருகின. கேரளத்து மாணவர் பலர் அங்கும் கருநாடகத்திற்கும் சென்று பயின்றனர். 2001இல் கேரளமும் தன்னிதிக் கல்லூரிகளுக்குப் பெருவழி திறந்தது. 2004இல் காக்கநாட்டில் இன்ஃபோபார்க் தொடங்கிற்று. 2014இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று தோன்றி, நம் இராமேசுவரத்து அப்துல் கலாமின் பெயரைத் தாங்கியது. எவரும் எளிதில் கல்லூரியில் இடம்பெறும் நிலை வந்தது. ஒரு கட்டத்தில் இருக்கை நிரம்பாத பொறியியற் கல்லூரிகள் பலவாயின.

விளைவு யாது? 2023 சூலை முதல் 2024 சூன் வரை நடுவண் அரசு மேற்கொண்ட தொழிலாளர் ஆய்வின்படி, 15 முதல் 29 வயதுடையோரிடையே வேலையின்மை இந்திய அளவில் 10.2 விழுக்காடாக இருக்க, கேரளத்தில் அது 29.9 விழுக்காடாக இருந்தது. எழுத்தறிவில் தலைநிமிர்ந்து நிற்கும் மாநிலத்தில் வேலை நாடும் இளைஞருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு வேலையில்லை. படித்தவர் தம் படிப்புக்கேற்ற பணிக்குக் காத்திருப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பர். காரணம் எதுவாயினும், கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பத்தின் துயர் ஒன்றே.

இங்குதான் பழைய சாப்பா நம் நினைவுக்கு வருகின்றது. ஆயிரம் பேர் கூடிய இடத்தில் நூறு வில்லைகளை வீசுதல் அன்றைய முறை. ஆயிரம் பேர் கையிலும் வில்லையைக் கொடுத்துவிட்டு, நூறு பேர்க்கே வேலையென்பது இன்றைய முறையோ என ஐயுற வேண்டியுள்ளது. உள்ளீடற்ற பட்டம் வில்லையே அன்றி வேறன்று. தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்து பெற்ற சான்றிதழால் ஒருவன் புதியது காண இயலாது. சிக்கலை அவிழ்க்க இயலாது. கணிப்பொறியே பல வேலைகளைக் கற்றுக்கொண்டுவிட்ட இக்காலத்தில் அவனை மாற்றுவது எளிதினும் எளிது. அறிவுப் பொருளாதாரத்தில் மதிப்பு, அறிவை ஆக்குவோர்க்கே உரியது. அறிவின் சான்றிதழை ஏந்தி நிற்போர்க்கன்று.

புதிய நான்காண்டுப் படிப்பை இக்கண்கொண்டே நாம் நோக்குதல் வேண்டும். மூன்றாண்டில் பட்டம் பெற்று வெளியேறலாம். நான்காம் ஆண்டு தொடர்ந்து பயின்றால் சிறப்புப் பட்டமும் ஆய்வுப் பயிற்சியும் பெறலாம். நல்ல ஏற்பாடே. ஆயின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை மூன்றாண்டோடு நிற்க, வசதியுள்ளோர் பிள்ளை மட்டும் நான்காம் ஆண்டு ஆய்வு பயிலும் நிலை வருமாயின், தாட்சாயணி எட்ட நின்று செய்முறை பார்த்த அதே கோடு கட்டணமென்னும் பெயரால் மீண்டும் வரையப்பட்டதாகும்.

நாம் செய்யத்தக்கன

நம்மனோர் செய்யத்தக்கவை சில உள. பிள்ளைகளுக்குக் கல்லூரி தேரும்போது கட்டடத்தின் உயரத்தையும் விளம்பரத்தின் பளபளப்பையும் நோக்காது, நூலகத்தையும், ஆய்வுக்கூடத்தையும், ஆசிரியரின் தகுதியையும் நோக்குவோம். பெண் பிள்ளையின் நான்காம் ஆண்டுக் கல்வியை வீண் செலவென எண்ணி நிறுத்தாதிருப்போம். சங்கங்கள் வழங்கும் உதவித்தொகை பள்ளித் தேர்வில் மதிப்பெண் மிகுந்தோர்க்கான பரிசாக மட்டும் அமையாமல், பட்டப் படிப்பின் இறுதி ஆண்டிலும் ஆய்விலும் கைகொடுக்கும் துணையாக அமைதல் நலம்.

அடுத்து, நம் முதியோரின் அறிவை எழுத்தில் ஏற்றுதல் வேண்டும். மிளகு தேர்ந்த தரகர், சுக்குச் சுரண்டிய மூதாட்டி, துணி வெளுத்த பெரியவர் ஆகியோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் கூறுவதைத் தமிழில் எழுதி, கல்லூரியில் பயிலும் பேரப்பிள்ளைகள் அதனையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம். 2023இல் வெளியான தேசிய மதிப்பலகுச் சட்டகம், பணியிற் பெற்ற அனுபவத்திற்கும் கல்வி மதிப்பலகு வழங்க இடமளிக்கின்றது. அது தாளில் உறங்காமல், உழைப்பாளர் குடும்பங்களுக்கு உண்மையில் பயன்படுமாறு அரசையும் பல்கலைக்கழகங்களையும் நாம் வற்புறுத்தலாம்.

இட்டி அச்சுதனிடம் அறிவு இருந்தது. அதனை உலகுக்கு எடுத்துச் செல்லும் நூலை ஆக்கும் வாய்ப்புப் பிறர் கையில் இருந்தது. சாப்பாவுக்குப் போராடிய தொழிலாளியிடம் திறமை இருந்தது; அதற்கு மதிப்பிடும் உரிமை பிறர் கையில் இருந்தது. நம் பிள்ளைகள் அறிபவராகவும், அறிந்ததை எழுதுபவராகவும், எழுதியதன் பயனைப் பெறுபவராகவும் ஒருங்கே விளங்க வேண்டும். அதற்கு வழி செய்யும் கல்விச் சீர்திருத்தத்தை உவந்து வரவேற்போம். அதற்கு வழி செய்யாததைத் தயங்காமல் வினவுவோம். தமிழ் எழுத்து 1579லேயே அச்சேறிய இந்நகரில், தமிழ்க் குடும்பங்களின் அறிவு இனியேனும் அச்சேறட்டும்.